வேலைக்குப் போக ஒரு துணை, தனியாக வாழ ஒரு மாடி: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மொரிஷியஸின் ரோஸ் ஹில் நகரில் ஒரு சிறிய மாடி வீட்டை வாடகைக்கு எடுக்க இருக்கிறோம். ஆட்டிசம் (புலன் உணர்வும் பிறரோடு பழகும் விதமும் வேறுபடுவது), ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது சிரமமாக இருப்பது), டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பது சிரமமாக இருப்பது) போன்ற நரம்பியல் வேறுபாடுகளுடன் வளர்ந்து ஆளாகிவிட்ட நம் சமூகத்தவருக்காக இந்த வீடு. எங்களை எல்லோரும் இன்னும் "பிள்ளைகள்" என்றே அழைக்கிறார்கள். எங்களில் மூத்தவருக்கு 47 வயது.

இந்தக் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். மூவர் பெற்றோர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, மற்ற மூவரும் நரம்பியல் வேறுபாடு உள்ளவர்கள். செயலாளர் என்ற முறையில் இதை எழுதும் நானும் அந்த மூவரில் ஒருத்தி. ஆட்டிசத்துக்குத் தமிழில் "மதியிறுக்கம்" என்றொரு சொல் வழங்குகிறது. தயவுசெய்து எங்களைப் பற்றிப் பேசும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள். எங்கள் மதி இறுகிப் போகவில்லை.

எனக்கு ஆட்டிசம் இருப்பது 29ஆம் வயதில்தான் தெரிந்தது. அதற்குள் மூன்று வேலைகளை இழந்திருந்தேன். ஓர் அலுவலகத்தில் என் மேசைக்கு நேர் மேலே இருந்த குழல்விளக்கு நாள் முழுதும் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு அது கேட்கவே இல்லை. எனக்கோ மாலை 4 மணிக்குள் எழுத்துகள் கண்முன் ஆடத் தொடங்கிவிடும். வேறு இடம் கேட்டேன். ஒருவருக்காக எதையும் மாற்ற முடியாது என்றார்கள்.

இப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காவடி அழைப்பிதழ், கருமாதி அறிவிப்பு என்று தமிழிலும் பிரெஞ்சிலும் வருவதெல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். "வள்ளி" எங்காவது "வல்லி" ஆகியிருந்தால், சோற்றில் கல் கடிபட்டதுபோல் சட்டென்று நின்றுவிடுவேன். ஆறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறேன். முதலாளி என் மேசையைச் சன்னலோரம் போட்டுத் தந்திருக்கிறார். மேலே விளக்கில்லை, மேசை விளக்கு மட்டும்தான்.

அந்தச் சன்னலோரத்தை நானாகக் கேட்டுப் பெறவில்லை. என் அத்தை கேட்டார். முதல் இரண்டு வாரமும் தினந்தோறும் என்னுடன் வந்து, அச்சகத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எது சிரமம் என்பதை முதலாளிக்கும், முதலாளி சொல்வதன் பொருள் என்ன என்பதை எனக்கும் எடுத்துச் சொன்னார். மூன்றாம் வாரம் பஸ் நிறுத்தம் வரை வந்தார். அதன்பிறகு அவர் வரத் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் அப்படியோர் அத்தை வாய்ப்பதில்லை. அத்தை எனக்குச் செய்ததைச் சம்பளம் வாங்கிக்கொண்டு, முறையாகக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குச் செய்ய ஒருவர் வேண்டும். உங்களிடம் நாங்கள் கேட்கும் பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான்.

மொரிஷியஸில் சட்டம் இல்லாமல் இல்லை. 35 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் 3 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2005 முதல் பஸ் பயணமும் இலவசம். ஆனால் வாசல் வரை கொண்டுபோய் விடுவதோடு சட்டம் நின்றுவிடுகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவரை ஒரு தொழிற்சாலையில் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். செய்ய வேண்டியதை வாயால் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார்களாம். எழுதிக் கொடுத்தால் எதையும் பிசகாமல் செய்பவர் அவர். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்தாம் வாரம் வீடு திரும்பியவர் இரண்டு வருடம் வெளியே வரவில்லை.

இப்போது அவர் வருகிறார். அவரை வெளியே அழைத்து வந்தது வேலையல்ல, பொழுதுபோக்கு. நம் நாட்டு ரூபாய் நோட்டுகளைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படியொரு பற்று. 1998இல் புதிய நோட்டுகளில் தமிழ் எழுத்தைப் பின்னுக்குத் தள்ளியதும், நம்மவர்கள் கொதித்தெழுந்ததும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசையில் ஒரு நோட்டை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் கோயில் மடத்து அறையில் நாங்கள் கூடும்போது அதை நெகிழி உறையோடு மேசையில் வைத்து, எந்த வரி எங்கிருந்து எங்கே மாறியது என்று விரல் படாமல் காட்டுவார். இதைப் பார்த்த கோயில் தர்மகர்த்தா உண்டியல் எண்ணும் நாளுக்கு அவரை அழைத்தார். இன்று கடைக்காரர்கள் இருவர் வாரக் கணக்கை அவரிடம் சரிபார்க்கத் தருகிறார்கள், கூலியும் தருகிறார்கள். அதனால்தான் புதிய வீட்டின் கீழ்த்தளத்தில் பொழுதுபோக்குக்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். அது வீண் செலவு என்று நினைப்பவர்கள் அவரோடு பத்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆட்டிசம் உள்ளவரென்று மருத்துவ வரலாற்றில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டவர் அமெரிக்காவின் டொனால்டு ட்ரிப்லெட். மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் முதலில் வரும் சிறுவன் அவர்தான். சிறுவயதில் வீட்டிலிருந்து பிரித்து ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார்கள். பிறகு பெற்றோர் மீட்டுக்கொண்டு வந்தார்கள். வளர்ந்து, மிசிசிப்பி மாநிலத்தில் தம் சிற்றூரின் வங்கியில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். காரோட்டக் கற்றார், நாள்தோறும் கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றி வந்தார், பெற்றோர் மறைந்தபின் அந்த வீட்டில் தனியாக வாழ்ந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியான குடும்பம், வங்கியும் அவர்களுடையது. எங்களில் எவர் குடும்பத்துக்கும் வங்கி கிடையாது. ஆனால் அவரை அவராகவே ஏற்றுக்கொண்ட ஊர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை உங்களிடம் கேட்கலாம் என்று நம்புகிறோம்.

துணை என்றால் எப்போதும் கைப்பிடித்து நடத்துவது என்று எண்ண வேண்டாம். எங்கள் ஆசிரியை 26 வயது உறுப்பினர் ஒருவரோடு காத்ர் போர்னிலிருந்து மெட்ரோவில் எட்டு முறை சேர்ந்து பயணம் செய்தார். ஒன்பதாம் முறை அவர் முன் பெட்டியிலும் ஆசிரியை பின் பெட்டியிலும் ஏறினார்கள். பத்தாம் முறை அவர் தனியாகவே போர்ட் லூயிஸ் போய் வந்தார். இப்போது அங்கே ஒரு துணிக்கடையின் மேல்தளத்தில் வேலை செய்கிறார். அவருடைய பையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கும். வண்டி ஓடாத நாளில் என்ன செய்ய வேண்டும் என்று நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் பெரிய எழுத்தில் மூன்றே வரி: இருக்கும் இடத்திலேயே இரு, அம்மாவுக்குப் போன் செய், பையில் உள்ள பிஸ்கட்டைச் சாப்பிடு.

2024 ஜனவரி 15, பொங்கல் நாள். பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்கள் ஆறாக ஓடின. வேலையிலிருந்து அவசரமாக வீடு திரும்பப் புறப்பட்டவர்கள் நடுவழியில் சிக்கினார்கள். எங்கள் உறுப்பினரோ அட்டையை எடுத்துப் படித்துவிட்டு மேல்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "கார் மிதக்கிறது" என்று அம்மாவிடம் போனில் நான்கு முறை சொன்னாராம். நீர் வடிந்தபின் மாமா போய் அழைத்து வந்தார். புயலன்று அட்டை எழுத முடியாது. முன்கூட்டியே யாராவது உட்கார்ந்து யோசித்து, எழுதி, பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மாடியில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் உள்ளன. ஒருவர் மாறி ஒருவர் மூன்று மாதம் அங்கே தங்கி, சமைத்து, துணி துவைத்து, மின்கட்டணம் கட்டிப் பழகுவார்கள். பெற்றோரைப் பாதி இரவில் எழுப்பும் கேள்வி எதுவென்று உங்களுக்கும் தெரியும். தாங்கள் போனபிறகு இவன் எப்படி இருப்பான் என்பதுதான் அது. அதற்கான பதிலைப் பெற்றோர் இருக்கும்போதே ஒத்திகை பார்த்துவிட விரும்புகிறோம்.

செலவுக் கணக்கு இது. துணையாளருக்கு மாதம் 26,000 ரூபாய், ஆண்டிறுதி போனஸ் சேர்த்து 3,38,000. வீட்டு வாடகை மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000. தானாக அணையும் அடுப்பு, கட்டில்கள், சலவை இயந்திரம், ஓசை புகாத ஓர் அறை ஆகியவற்றுக்கு 1,46,000. மொத்தம் 7,00,000 ரூபாய். ஏழு கறிச் சாப்பாடு விற்றும் உறுப்பினர்கள் தந்தும் 2,65,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 4,35,000 வேண்டும்.

ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் எங்களுக்குப் பெரிதுதான். துணையாளரின் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 150 ரூபாய் ஆகிறது. பணமாகத் தர இயலாதவர்கள் வேறு விதமாக உதவலாம். கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் வாரத்தில் இரண்டு காலை வேளை வேலை தந்தால் போதும், துணையாளர் உடன் வருவார். பழைய தையல் இயந்திரமும் மரவேலைக் கருவிகளும் எங்களுக்குப் பயன்படும். பழைய துணிகளை மட்டும் அனுப்ப வேண்டாம், வைக்க இடமில்லை.

நன்கொடையைக் கோயில் அலுவலகத்தில் எங்கள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14, வருடப்பிறப்புக்குள் கிடைத்தால் மே மாதம் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிடும். வரவு செலவு மாதந்தோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

நேரில் பார்க்க விரும்பினால் எந்தச் சனிக்கிழமையும் பிற்பகல் 2 மணிக்கு மேல் மடத்தின் பின்வாசலுக்கு வாருங்கள். அழைப்பு மணியை மட்டும் அழுத்த வேண்டாம், அந்த ஓசை எங்களில் மூவருக்குத் தாங்காது. கதவை இரண்டு முறை தட்டினால் போதும். திறப்பவர் உங்கள் முகத்தைப் பாராமல் பேசக்கூடும். உள்ளே வந்து உட்காருங்கள், தேநீர் அவரே போட்டுத் தருவார்.

குழுவின் சார்பில்,
செயலாளர்