அவிநாசி சாலையில் கார் அருங்காட்சியகத்தின் முன் நடந்து கடக்க வழி கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு பொறியாளர் அவர்கள்,
சாலைப் பாதுகாப்புப் பிரிவு.

பொருள்: பாதசாரிகளுக்கான சிக்னல் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: நேரில் அளித்த எனது மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜி.டி. நாயுடு கார் அருங்காட்சியகம் இருக்கும் இடத்தைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2015இல் அது திறந்ததிலிருந்து, பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அங்கே அழைத்துப் போகிறேன். 1886ஆம் ஆண்டு பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் மறுவடிவத்தின் முன் நின்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

1. வரும்போது இல்லாவிட்டால் திரும்பும்போது, பஸ்ஸில் வருகிறவர் எப்படியும் ஒரு முறை சாலையைக் கடந்தாக வேண்டும்.

2. 2025 அக்டோபரில் 10.1 கி.மீ. மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு, தூரம் போகிற வண்டிகள் மேலே ஏறிவிட்டன. நல்லதுதான். ஆனால் கீழே நெரிசல் குறைந்த இடத்தில் வேகம் கூடிவிட்டது. முன்பு வண்டிகள் ஊர்ந்தன, கையைக் காட்டிக் கடந்தோம். இப்போது கையைக் காட்டினால் ஹாரன்தான் பதில்.

3. சென்ற மாதம் என் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உடன் வந்தார்கள். அவள் முழங்கால் வலியால் தடி ஊன்றி நடப்பவள். பாதிச் சாலை கடந்து நடுத்திட்டில் ஏறினோம். அதற்கு மேல் நகர முடியவில்லை. ஒரு வண்டி போனால் அதன் பின்னால் இரண்டு. தூண் நிழலில் இருபது நிமிடம் நின்றோம். பிள்ளைகளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. கடைசியில் அந்த வழியே வந்த கல்லூரி மாணவர் ஒருவர் பைக்கைக் குறுக்கே நிறுத்தி எங்களைக் கடக்கவிட்டார். 26 ஆண்டுகள் பஸ் ஓட்டியவன் நான். எந்த வண்டி பிரேக் போடும், எந்த வண்டி போடாது என்று சத்தத்திலேயே தெரியும். எனக்கே அன்று கால் எழவில்லை ஐயா. அதன் பிறகு என் மனைவி பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று தாய்மார்களிடம் சொல்லிவிட்டாள்.

4. முதல் மனுவுக்கு ரசீது தந்தார்கள். இரண்டாவதற்கு "பார்க்கிறோம்" என்றார்கள். மூன்றாவதற்கு அதுவும் இல்லை. யார் பார்க்கிறார்கள்? எப்போது? யாராவது அடிபட்ட பிறகா? ஒரே ஒரு பஸ்ஸுடன் 1920இல் தொழிலைத் தொடங்கியவர் நாயுடு. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கார் செய்து தருகிறேன் என்று அரசிடம் உரிமம் கேட்டு, கிடைக்காமல் போனவர். பாலத்துக்கு அவர் பெயரை வைத்தீர்கள். அந்தப் பாலத்தின் அடியில், கார் வாங்க வழியில்லாதவன் பிள்ளைக்கு அவர் பேரில் உள்ள காட்சிக்கூடத்துக்குள் போக வழியில்லை!

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கேட்பது பெரிதல்ல: பொத்தானை அழுத்தினால் சிவப்பு விழும் சிக்னல் ஒன்று, அழியாத வெள்ளைக் கோடுகள், நடுத்திட்டில் தடி ஊன்றி ஏற ஒரு சரிவு. சிக்னலுக்கு நாளாகும் என்றால், விடுமுறை நாட்களில் மட்டுமாவது ஒரு காவலரை நிறுத்தக் காவல்துறைக்குத் தாங்கள் எழுதலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களே வந்து, காரை விட்டு இறங்கி, நடந்து கடந்து பாருங்கள். நான் உடன் வருகிறேன். கோடை விடுமுறைக்கு முன் சிக்னல் அமைத்துத் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)