புதுவயல் ஸ்டீம் லைனும் மேஸ்திரி அண்ணனின் கணக்கும்

மாப்ள,

காரைக்குடியிலிருந்து நான்தான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம், முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுவயலில் ஒரு அரிசி மில்லுக்குப் புது ஸ்டீம் லைன் போட்டோம். உமி பாய்லரிலிருந்து நெல் அவிக்கிற தொட்டி வரைக்கும் முழுவதையும் கம்ப்யூட்டரில், சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேரில் பைப் லைன் வரைகிற ரூட்டிங் பகுதியில் வரைந்து, அதிலிருந்து கட்டிங் லிஸ்ட் எடுத்து, பட்டறையிலேயே வெட்டி வெல்டு அடித்து, துண்டு துண்டாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டினோம். பைப்பைப் போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்ச் வளையங்களின் ஓட்டைகள் நேருக்கு நேர் வந்து நின்றன. மில்லில் எங்கெங்கே வெல்டு வைக்க வேண்டும் என்று நாங்களே முடிவு செய்திருந்தோமோ அங்கே மட்டும்தான் வெல்டு. மஸ்கட்டில் உனக்கு இதுதான் தினப்படி வேலை, எனக்குத் தெரியும். இங்கே அப்படி இல்லை மாப்ள. இங்கே இத்தனை காலமும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நூல் பிடித்து, தூக்குகுண்டு விட்டு, மேலே ஏறி அளந்து, கீழே இறங்கி வெட்டி, மறுபடி மேலே ஏறித்தான் லைன் போட்டிருக்கிறோம். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உடனே உனக்கு எழுத நினைத்தேன், பில் வேலை இழுத்துவிட்டது.

வீட்டில் எல்லாரும் சுகம். உங்க அம்மாவைப் பிள்ளையார்பட்டியில் பார்த்தேன், நன்றாக நடக்கிறார்கள், நீ போனில் அரைகுறையாகப் பேசுகிறாய் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒழுங்காகப் பேசு. நம்ம ‘ஒன்றரை இஞ்ச்’ தேவகோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், இன்னும் அதே கதைதான், பரோட்டா பாக்கியை மட்டும் உன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறானாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மில்காரர் இந்தத் தடவை வரைபடம் இல்லாமல் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒரு வகையில் அது நியாயம்தான். 3.5 கிலோவுக்கு மேல் பிரஷர் போகிற ஸ்டீம் லைன் ஐ.பி.ஆர். என்கிற இந்திய பாய்லர் விதிகளுக்குள் வந்துவிடும், வரைபடமும் பைப் சர்டிஃபிகேட்டும் இல்லாமல் பாய்லர் ஆபீஸில் நகராது. அக்கா மகன் ஒரு சென்டரில் சாலிட்வொர்க்ஸ் படித்திருந்தான், அவனை உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் மவுஸை நானே வாங்கிக்கொண்டேன். இந்த வயதில் இது எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டாய். பாலிடெக்னிக்கில் ஐசோமெட்ரிக் வரையச் சொன்னால் யார் யாரெல்லாம் லேத் ஷெட்டுக்கு ஓடினோம் என்று உனக்கு நினைவிருக்கும்.

ஆரம்பத்தில் நான் நினைத்தது, பைப் என்றால் ஒரு வட்டத்தை வரைந்து ஒரு கோட்டின் மேல் இழுத்துவிடுவதுதானே என்று எல்லாரும் நினைப்பதுதான். அப்படியும் செய்யலாம், படம் அழகாக வரும், ஆனால் அந்தப் படத்துக்கு அது பைப் என்பதே தெரியாது. ரூட்டிங்கில் நீ பைப்பை வரைவதில்லை, அது போகிற வழியை மட்டும் த்ரீ-டி ஸ்கெட்ச்சில் கோடாக வரைகிறாய். டேப் கீயைத் தட்டினால் தளம் மாறும், மேலே, பக்கவாட்டில், உள்ளே என்று கோட்டை ஓட்டிக்கொண்டே போகலாம். கோடு திரும்புகிற மூலையில் எல்போ தானாக உட்காரும், நடுவில் பைப் தானாக நிரம்பும். ஒரு ஃபிளாஞ்சை இழுத்து பாய்லர் வால்வின் முகத்தில் விட்டால் அங்கிருந்து லைன் முளைக்கிறது.

அந்த எல்போ எப்படிச் சரியாக உட்கார்கிறது என்பதில்தான் எனக்கு ஆசையே பிடித்தது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குள்ளும் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். பைப் வந்து சேரும் இரண்டு வாயிலும் ஒவ்வொரு சி-பாயிண்ட், இரண்டு வாயின் மையக்கோடுகளும் வெட்டிக்கொள்கிற இடத்தில் ஒரு ஆர்-பாயிண்ட். கோட்டின் மூலையில் உட்காருவது ஆர்-பாயிண்ட். பைப் எங்கே ஆரம்பிக்க வேண்டும், எந்தத் திசையில், என்ன சைஸில் என்பதெல்லாம் சி-பாயிண்ட்டில் இருக்கிறது. புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அந்த எல்போவை நீ வைக்கிற ஒவ்வொரு லைனிலும் பைப் நீளம் ஒரு மில்லிமீட்டர் தப்பும். அதனால் வரைவதை நிறுத்திவிட்டு லைப்ரரியில் இறங்கினேன். நாங்கள் வாங்குகிற ஃபிட்டிங்கை வெர்னியரில் அளந்து, ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு, ஊறல் தொட்டித் தண்ணீர் லைனுக்கு வேண்டிய நீலப் பட்டை மீடியம் கிளாஸ் ஜி.ஐ. பைப்பையும் நானே சேர்த்தேன். உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் சரியான பெயரில் கொடுத்தால்தான் அது பைப் என்று ஒப்புக்கொள்கிறது.

இன்னொன்று. பைப்பையும் டியூபையும் அது முற்றிலும் வேறு வேறாக நடத்துகிறது, அது எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. இரண்டு இஞ்ச் பைப்பை எப்படி அளந்தாலும் இரண்டு இஞ்ச் கிடைக்காது, வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், ஷெட்யூல் 40 என்றால் தடிமன் 3.91, ஷெட்யூல் 80 என்றால் 5.54, தடிமன் ஏறினால் உள்விட்டம்தான் குறையும். இரண்டு இஞ்ச் டியூப் என்றால் வெளியே அச்சாக 50.8. பைப் திரும்ப எல்போ வேண்டும், டியூப் தானே வளையும். அதனால் டியூபில் மூலைக்கு வளைவு ஆரம் கேட்கிறது, அந்த ஆரம் உன் பெண்டரில் இருக்கிற டையைப் பொறுத்தது. இரண்டு வளைவுக்கு நடுவில் பெண்டர் பிடிக்க நேர்த்துண்டு விட வேண்டும் என்பதையும் வரைகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய்லர் பேனலுக்குப் போகிற சின்ன ஏர் லைன்களை அப்படித்தான் முடித்தோம்.

இப்போது மேஸ்திரி அண்ணனிடம் வருகிறேன். இவ்வளவு எழுதியதே அவரைப் பற்றிச் சொல்லத்தான். அக்கா மகன் ஆட்டோ ரூட் என்று ஒரு பொத்தானை அழுத்தினான். இரண்டு முனையைக் காட்டினால் போதும், நேர்கோடும் செங்கோணமுமாக நாலைந்து வழி காட்டும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அவன் எடுத்த வழி பார்க்க அத்தனை சுத்தம். மேஸ்திரி அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனையே கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, இந்தத் தொட்டி மூடியைத் திறக்க ஆள் எங்கே நிப்பான்?” என்றார். லைன் சரியாக மூடிக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் போயிருந்தது. அடுத்தது, “இந்த வால்வு போல்ட்டுக்கு ஸ்பேனர் எப்படி உள்ளே போகும்?” அதற்கும் அடுத்தது, “வாட்டம் எங்கே?”

பையனுக்கு வாட்டம் எதற்கு என்றே சொல்லித் தரவில்லை. ஸ்டீம்தானே, எப்படியும் போகும் என்றான். “நம்ம ஊர் வீட்டு முற்றத்துல மழைத் தண்ணி நிக்குமாடா? ஓட வேண்டிய பக்கம் சாய்ச்சுத்தானே கல்லு பதிச்சிருக்கான்” என்றார் அண்ணன். ஸ்டீம் போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்து தண்ணீராகும், அது ஓட்டத்தோடு சேர்ந்து, ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற ட்ராப்புக்கு வடிய வேண்டும், நின்றால் வேகமாக வருகிற ஸ்டீம் அதைத் தள்ளிக்கொண்டு போய் எல்போவில் அடிக்கும். அந்த அடியில் வால்வு பிளந்து போகும், ஆள் வெந்து போவான். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் எங்கள் 30 மீட்டர் ஓட்டத்துக்கு 300 மில்லிமீட்டர் இறக்கம், ஒரு அடி. அதை மாடலில் கொடுத்ததும் முனையில் செங்குத்தாக இறங்குகிற எல்போவின் கோணம் 90-லிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகுகிறது. கம்ப்யூட்டருக்கு அது வேறு கோணம். அண்ணனுக்கு அது, முழு வெல்டுக்கு முன்னால் புள்ளியாக டேக் அடிக்கும்போது சுத்தியலால் ஒரு தட்டு. அப்புறம், லைன் சுருங்குகிற இடத்தில் நடுமையம் பார்த்த ரெட்யூசர் போடக் கூடாது, அடிப்பக்கம் மட்டமாக இருக்கிற எக்சென்ட்ரிக்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒரு சின்னக் குளம் கட்டும். கிளை எடுத்தால் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். இவை எதையும் சாஃப்ட்வேர் கேட்காது. நீ அடியில் எடுத்தாலும் அதே பச்சை டிக் போடும்.

மாடலில் பைப் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது மாப்ள. 7 பார் ஸ்டீம் என்றால் ஏறத்தாழ 170 டிகிரி. 30 மீட்டர் இரும்பு அந்தச் சூட்டுக்கு 50 மில்லிமீட்டர் நீளும். அண்ணனுக்கு இந்தப் பெருக்கல் தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டின லைன் ஒன்று தூணையே தள்ளினதைப் பார்த்திருக்கிறார். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ள எங்கே வளைத்து லூப் விட வேண்டும், எந்த சப்போர்ட்டை இறுக்க வேண்டும், எதை வழுக விட வேண்டும் என்று விரலால் காட்டினார். அவர் காட்டியதை நான் வரைந்தேன்.

வெட்டு நீளத்தில்தான் எனக்குப் புல்லரித்துப்போனது. மையத்துக்கு மையம் ஆயிரம் மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் லாங் ரேடியஸ் எல்போ. சாஃப்ட்வேர் ஒரு எல்போவுக்கு 76 கழித்து 848 என்றது. அண்ணன் ஸ்கிரீனைப் பார்க்காமலே 842 என்றார். வெல்டு இறங்குவதற்குப் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, இரண்டு பக்கமும் ஆறு. அந்த இடைவெளியையும் மாடலில் கொடுக்க முடியும், கொடுத்தேன், 842 வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொரு இடத்தில் லைன் ஒரே ஓட்டத்தில் 300 மேலே ஏறி 400 பக்கவாட்டில் தள்ளிப் போக வேண்டும், 45 டிகிரி எல்போவில். மூலைவிட்டம் 500, அதை 1.414-ஆல் பெருக்கு, சாய்ந்து போகிற துண்டு மையத்துக்கு மையம் 707. அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஆணியால் கிறுக்கியே இந்தக் கணக்கை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று தெரியாது. நமக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார், மறந்துவிடாதே. நீ மஸ்கட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பதில் அவர் பங்கு இருக்கிறது.

தை பிறந்தால் அவர் வேலையை விடுகிறார். முட்டி போய்விட்டது, ஏணி ஏற முடியவில்லை, மகன் திருப்பூருக்குக் கூப்பிடுகிறான். நான் அவரைத் தடுக்கப் போவதில்லை, அது நியாயம் இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பையன்கள் வருகிறார்கள், கெட்டிக்காரர்கள், என்னைவிட மூன்று மடங்கு வேகமாக மவுஸ் ஓட்டுகிறார்கள். ஃபிட்டிங்கை இழுத்து விட்டால் ஒட்டிக்கொள்கிறது, பிழை ஒன்றும் காட்டவில்லை, ஆகவே சரி என்று நம்புகிறார்கள். இரண்டு எல்போவுக்கு நடுவில் இடம் போதவில்லை என்றால் சாஃப்ட்வேர் கத்தும். கேஸ்கட் மாற்றக் கை நுழையாது என்றால் கத்தாது. பைப்பைச் சுற்றி இன்சுலேஷன் ஏறும், அதற்கும் இடம் விட வேண்டும் என்றால் கத்தாது. அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களை லைனுக்குக் கீழே நிற்க வைத்துக் காட்டவில்லை.

அதனால் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அண்ணன் சொல்கிறதில் எதையெல்லாம் லைப்ரரிக்குள் வைக்க முடியுமோ அதை வைக்கிறேன். வால்வோடு சேர்த்து ஸ்பேனர் சுழல்கிற இடத்தை மங்கலான ஒரு உருளையாக வரைந்துவிட்டேன், வேறு பைப் அதற்குள் நுழைந்தால் மோதல் சோதனையில் சிவப்பாகத் தெரியும். தொட்டி மூடிக்கு முன்னால் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு பெட்டி. ட்ராப்பை, தண்ணீர் இறங்கிச் சேர்கிற ட்ரிப் லெக், அழுக்கை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னர், வால்வோடு ஒரே தொகுப்பாகச் சேர்த்து வைத்தேன், இழுத்துவிட்டால் எல்லாம் சேர்ந்தே வரும், ஒன்றை மறந்து வைக்க முடியாது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் நாலு விரக்கடை தள்ளு” என்கிறார், நான் தள்ளுகிறேன். சப்போர்ட் விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இடத்துக்கு இடம் மாறுகிறது, அதை எப்படி ஒரு ஃபைலுக்குள் அடக்குவது என்று தெரியவில்லை.

இங்கேதான் நீ வேண்டும். நீங்கள் பைப் வரைகிற பி.டி.எம்.எஸ். சாஃப்ட்வேரில், எந்த லைனுக்கு எந்த ஃபிட்டிங் என்கிற ஸ்பெக் போட்டுவிட்டால் தப்பான ஃபிட்டிங்கை எடுக்கவே முடியாது என்று நீ பீற்றிக்கொள்வாயே, அந்த ஸ்பெக்கை எப்படி எழுதுகிறீர்கள், சப்போர்ட்டுக்கு என்ன வரிசையில் யோசிக்கிறீர்கள் என்று எனக்கு விவரமாக எழுது. கம்பெனி ஃபைல் எதுவும் வேண்டாம், உன் மண்டையில் இருப்பது போதும். லீவை மார்கழிக்குள் போடு, தைக்கு அப்புறம் வந்தால் அண்ணன் இருக்க மாட்டார். இரண்டு நாள் எங்கள் இரண்டு பேரோடும் பட்டறையில் உட்கார்ந்தால் போதும், மூன்றாம் நாள் நீ உன் மாமனார் வீட்டுக்குப் போய்க்கொள்.

எக்சென்ட்ரிக் ரெட்யூசரில் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்கு மட்டும் உடனே பதில் போடு. இரண்டு வாயின் மையமும் ஒரே கோட்டில் இல்லை. லைன் அந்த இடத்தில் படி இறங்குகிறது, ஆர்-பாயிண்ட்டைப் பெரிய வாயின் மையத்தில் வைத்தால் பின்னால் வருகிற அளவெல்லாம் நகர்கிறது. நீங்கள் அளவை மையத்திலிருந்து எடுக்கிறீர்களா, பைப்பின் அடியிலிருந்தா? அண்ணன் அடியிலிருந்து என்கிறார். அடுத்த மில் வேலை கோட்டையூரில், வரைய ஆரம்பித்தாகிவிட்டது.

உன்
பட்டறைக்காரன்