விறகு வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கங்களிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஓர் இரங்கல். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த ஆண்டு காலமானார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் காய்ந்த விறகு என்று லாரியை உள்ளே விடுவார்; மொத்தென்று கேட்டால் ஈர விறகு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அவரிடம் விறகு எடுத்த சமையல்காரர்கள் வேறு கடை வாசலை மிதித்ததில்லை. அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அவர் காதால் அறிந்ததை நாம் கருவியால் அறியத் தொடங்கியதுதான் இந்த ஆண்டின் முக்கியமான வேலை. சங்கம் ஓர் ஈரமானி வாங்கியது. மரத்தில் எவ்வளவு ஈரம் என்று எண்ணால் காட்டும், இரண்டு ஊசிகள் கொண்ட, கைக்குள் அடங்கும் சிறு கருவி. தலைவரின் விறகு வாடியில் செயற்குழு கூடியபோது, வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய ஒரு சீமைக் கருவேலக் கட்டையை எடுத்தோம். பட்டை மேல் ஊசியை அழுத்தியபோது எண் பதினைந்தை ஒட்டி நின்றது. அதே கட்டையைப் பிளந்து, நடுமுகத்தில் அழுத்தியபோது முப்பதைத் தாண்டியது. அங்கிருந்த ஒருவரும் பேசவில்லை. இனி யார் அளந்தாலும் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் அளக்க வேண்டும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பெரும்பாலான கருவிகள் காட்டும் எண், உலர்ந்த மரத்தின் எடைக்கு ஈரம் எவ்வளவு என்ற கணக்கு. கருவி 25 என்று காட்டினால், நாம் தராசில் வைக்கும் மொத்த எடையில் ஈரம் 20 சதவீதம். நல்ல அடுப்பு விறகுக்கு அதற்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது.

ஈர விறகை ஏன் விற்கிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எடை. ஒரு டன் பச்சை விறகில் 40 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோ மரம், 400 கிலோ தண்ணீர். அது 20 சதவீதத்துக்குக் காய்ந்தால் தராசில் 750 கிலோதான் நிற்கும். கால் டன் காற்றோடு போய்விடுகிறது. அப்படியானால் காய்ந்த விறகின் விலை பச்சை விறகைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால்தான் போட்ட முதல் மட்டுமாவது திரும்பும். இட வாடகையும் முடங்கிய பணத்தின் வட்டியும் அதற்கு மேல். இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கு நாம் ஒருபோதும் விளக்கியதில்லை. ஒரே விலைக்கு இரண்டையும் விற்கும் கடைகளால் காயவைத்து விற்பவர் நஷ்டப்படுகிறார். இது அநியாயம். காய்ந்த விறகுக்கும் பச்சை விறகுக்கும் தனித்தனி விலைப்பலகை வைக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட கடைகளில் பலகை ஏறிவிட்டது. மற்றவர்களும் தாமதிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

நம்மிடம் இன்று வாங்குபவர் யார் என்று பாருங்கள். 2007இல் மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டமும் வந்த பிறகு வீட்டு அடுப்புக்கு விறகு கேட்பவர் அருகிவிட்டார். பெண்களின் கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பியது நல்லதே; அதற்காக வருந்துபவன் நான் அல்லன். இன்று நம்மை வாழவைப்பவை பரோட்டாக் கடைகள், திருமண மண்டபங்கள், செங்கல் சூளைகள், மானாமதுரைப் பக்கத்து மண்பாண்டச் சூளைகள், மயானங்கள். பந்தி தொடங்கும் நேரத்தில் அடுப்பு புகைந்தால் சமையல் மாஸ்டர் பொறுக்கமாட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. அந்த மாதங்களில் பிளந்து, அடுக்கி, ஆவணிக்கும் தைக்கும் சரக்கைத் தயார் செய்பவர்தான் நிலைப்பார்.

அடுக்குவதிலும் கவனம் வேண்டும். தரையில் நேராகப் போடாமல் கல்லின்மேல் தாங்குகட்டை வைத்து அடுக்குங்கள். கரையான் ஏறுவது குறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தார்ப்பாயை அடுக்கின் தலையில் மட்டும் போடுங்கள். பக்கங்களையும் இழுத்து மூடினால் உள்ளே காற்று நின்று பூஞ்சணம் பிடிக்கிறது. அடுக்கைக் கலைக்கும்போது வெறுங்கையை உள்ளே விடாதீர்கள்; தேளும் பாம்பும் அங்கேதான் குடியிருக்கும்.

அடுத்து, பொதுவாக வாங்கிய விறகு பிளக்கும் இயந்திரம். டிராக்டரில் இணைத்து ஹைட்ராலிக் விசையில் ஓடுவது. கோடரிக்கும் ஆப்புக்கும் மசியாத கவட்டைக் கட்டைகளையும் கணு விழுந்த அடிமரங்களையும் அது அமைதியாகப் பிளந்துவிடுகிறது. முறைவைத்து எடுத்துச் செல்லும் ஏற்பாட்டில் முதலில் சில மனவருத்தங்கள் இருந்தன, இப்போது சீராகிவிட்டது. எண்ணெய்க் குழாயில் ஒரு கசிவு ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய நேர்ந்தது. எடுத்துச் செல்பவர் எண்ணெய் அளவையும் குழாய் இணைப்புகளையும் பார்த்து ஏட்டில் கையெழுத்திட்ட பிறகே கிளப்ப வேண்டும்.

ஆனால் ஒன்றை வன்மையாகக் கண்டிக்கிறேன். அந்த இயந்திரத்தில் இரண்டு லீவர்கள். இரு கைகளும் லீவரில் இருந்தால்தான் ஆப்பு நகரும். கை நடுவில் சிக்கக்கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. ஓர் இடத்தில் ஒரு லீவரைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டியபடி மறு கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். ஒரு மணி நேரத்தில் நாலு கட்டை கூடுதலாகப் பிளக்க ஒரு தொழிலாளியின் விரல்களைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. இனி அப்படிச் செய்பவருக்கு அந்த ஆண்டு முழுவதும் இயந்திரம் தரப்படாது.

வட்ட ரம்பம் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெல்ட்டுக்கும் ரம்பத்துக்கும் மேல்மூடி இல்லாமல் மோட்டாரைப் போடாதீர்கள். தோளில் துண்டோடு, தொளதொள லுங்கியோடு யாரையும் அருகே விடாதீர்கள். செயின் ரம்பத்தில் சங்கிலி மழுங்கினால் மரத்தூள் மாவாகக் கொட்டும். கூராக இருந்தால் சீவலாக விழும். மாவு விழத் தொடங்கினால் உடனே நிறுத்தி, உருண்டை அரம் பிடியுங்கள். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்கும்போது ரம்பம் எகிறும் ஆபத்து கூடுகிறது. சீமைக் கருவேல முள் ஏறிய காலோடு மறுநாளும் வேலைக்கு வரும் தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தடித்த அடியுள்ள பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

கண்மாய் மர ஏலம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சீமைக் கருவேலத்தை அகற்றும்படி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை 2022இல் மாநில அரசு வெளியிட்டதும் நீங்கள் அறிந்தவை. நம் பிழைப்பு அந்த மரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் கண்மாய்க்குள் அது வேண்டாம் என்பதே என் கருத்து. நீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்பதால் விவசாயி கெடுகிறார். அவர் வீட்டுக் கல்யாணம் நின்றால் நம் வியாபாரமும் நிற்கும். ஆகவே கண்மாய் ஏலம் எடுப்பவர்கள் மரத்தை அறுத்துவிட்டுத் தூரை விட்டுவரக்கூடாது. அடித்தூர் இருந்தால் அடுத்த மழைக்கே கொத்தாகத் தழைக்கும். பொக்லைன் வைத்து வேரோடு எடுங்கள். தூர்க்கட்டை சூளைக்கு நன்றாகவே விலைபோகிறது. வண்டி வாடகையில் ஒரு பகுதியை அதிலேயே எடுத்துவிடலாம். பட்டா நிலத்தில் வளர்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டும் விவசாயிகளோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டால் சரக்குக்கும் தட்டுப்பாடு வராது.

மற்றவை சுருக்கமாக. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். சான்றிதழைக் கடையில் பார்வைக்கு மாட்டுங்கள். விறகுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்றாலும், வாங்கியதற்கும் விற்றதற்கும் ரசீது வைத்திருங்கள். சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களை அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலும் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவுத் தளத்திலும் பதிவு செய்ய முகாம் நடத்தினோம். அறுபது வயதைக் கடந்தவர்களைப் புதிதாகச் சேர்க்க முடியவில்லை. அவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து உதவ ஒரு தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. நாற்பது ஆண்டுகள் நமக்காகச் சுமந்தவர்கள் அவர்கள். ஒருமனதாக நிறைவேற்றித் தாருங்கள்.

ஈரமானியை எல்லாக் கடைகளுக்கும் சுற்றுக்கு விட இன்னும் இரண்டு கருவிகள் வாங்கவும், இயந்திரத்துக்கு ஒரு கூரை போடவும் அனுமதி கோருகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்