சுண்ணாம்புக் கணக்கு

உ
காரைக்குடி

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பச்சி எழுதுவது. எல்லாரும் நலம். அப்பத்தாவுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. நீ போன் பண்ணி இருபது நாளாகிறது. படிப்பு இருக்கும், பரவாயில்லை. சின்னத்தாகிட்ட மட்டும் ஒரு மணி நேரம் பேசினாயாம். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்துக்கு ஆள் வந்திருக்கிறது. சுட்ட சுண்ணாம்பு 50 கிலோ இறக்கியிருக்கிறோம். நீற்றத் தண்ணீர் எவ்வளவு என்று உன் ஆத்தா கேட்டாள். நீ இருந்தால் உன்னைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு, அதன் மோல் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 56 கிராம். 50,000 கிராமை 56-ஆல் வகுத்தால் 893 மோல். ஒரு மோலுக்கு ஒரு மோல் தண்ணீர் என்பதால் 893-ஐ 18-ஆல் பெருக்கு: ஏறக்குறைய 16 லிட்டர். கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்பு 66 கிலோ. 50-ம் 16-ம் கூட்டினால் 66 வருகிறதா? கடைசியில் எடையைக் கூட்டிச் சரிபார்க்கிற இந்தப் பழக்கத்தை மட்டும் விடாதே. கொத்தனாரோ 16 லிட்டரைப் பார்த்துச் சிரித்தார். சூட்டில் பாதித் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்றார். அவர் சொல்வதும் சரி, நம் கணக்கும் சரி. கணக்கு சொல்வது வினைக்குள் போகிற தண்ணீரை மட்டும்.

மோல் என்பது எண்ணிக்கைதான், மீனா. ஒரே மாதிரிக் காசு நிறைந்த மூட்டையை எண்ணாமல் நிறுத்துப் பார்த்து எத்தனை என்று சொல்வதில்லையா, அதே வேலை. ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள், அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயர் இருக்கிறது. ஆனால் 1811-இல் தன் கருத்தைச் சொன்ன அந்த மனிதருக்கே எண் தெரியாது. தெரியாமலே பெரிய ஆளானார். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும்.

உன் வகுப்பில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. முகப்பு மார்பிளில் ஆசிட் கொட்டிய அன்றைக்கு நுரைத்ததே, அதே வினைதான். 10 கிராம் கால்சியம் கார்பனேட், 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் 0.1 மோல். சமமாக இருக்கிறதே, இரண்டும் ஒன்றாகத் தீரும் என்று எழுதிவிடுவார்கள். சமன்பாட்டைச் சமன் செய்து பார். ஒரு கார்பனேட்டுக்கு அமிலம் இரண்டு. ஆகவே முதலில் தீர்வது அமிலம். கல்லில் 5 கிராம் மிச்சம், கார்பன் டை ஆக்சைடு 0.05 மோல், அதாவது 2.2 கிராம். முதலில் தீர்ந்து வினையை நிறுத்துகிற லிமிட்டிங் ரீஏஜென்ட்டைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் மோலையும் அதனதன் கெழுவால், அதாவது சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் எண்ணால், வகு. எது சிறியதோ அதுதான். கிராமைப் பார்த்து முடிவு செய்யாதே, மோலை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதே.

ஒரு மோல் வாயுவின் கனஅளவு கேட்டால் 22.4 லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதே. அது 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துக்கு. 1 பார் என்றால் 22.7. நம்மூர் 35 டிகிரி வெயிலில் ஒரு மோல் 25 லிட்டரைத் தாண்டும்.

லேபில் மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல் செய்யச் சொல்வார்கள். பாட்டிலின் லேபிளைப் படி. நீலப் படிகத்தில் ஐந்து தண்ணீர் ஒட்டியிருக்கும், மோல் நிறை 249.7. தண்ணீர் போன வெள்ளைத் தூளுக்குத்தான் 159.6. 250 மில்லியில் 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல், வேண்டுமானால் 6.24 கிராம் படிகம் நிறுக்க வேண்டும். 159.6 போட்டு 3.99 கிராம் நிறுத்தால் கரைசல் 0.064-தான் வரும், டைட்ரேஷன் முழுக்கத் தப்பாகும், நீ உன் கையைக் குறை சொல்வாய். இன்னொன்று: 250 மில்லித் தண்ணீரை ஊற்றி அதில் படிகத்தைப் போடாதே. கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு குடுவையின் கோடு வரை நிரப்பு. லேபிளைப் படி. இரண்டு தடவை படி.

அப்பத்தா உன் மார்க்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தது, பத்தாம் வகுப்பு மார்க்கை. போன மாதத்து மார்க்கை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினோராம் வகுப்பில் ஒரு நாள் ராத்திரி, "ஏன் அப்பச்சி கிராமை நேரா கெழுவால பெருக்கக் கூடாது?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. நான் அன்றைக்கு விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டு இருந்தேன். "சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு, மார்க் வரும்" என்றேன். முப்பத்தொரு வருஷம் பாடம் சொன்னவன் சொன்ன பதில் அது. நீ பிறகு கேட்கவே இல்லை. எனக்கு அது அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு கணக்கு தருகிறேன். நம் 50 கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் காளவாயில் எத்தனை கிலோ சுண்ணாம்புக்கல் போட்டிருப்பார்கள், புகையோடு எத்தனை கிலோ போயிருக்கும்? கல்லில் அழுக்கே இல்லை என்று வைத்துக்கொள். விடையைப் போட்டோ எடுத்து அனுப்பு. தப்பாக வந்தால் கோடு போட்டு அடிக்காமல் அப்படியே அனுப்பு. சின்னத்தாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு.

அப்பச்சி

பி.கு.: சீப்புச்சீடையும் மணகோலமும் பார்சலில் போட்டிருக்கிறது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு.