15ஆம் பிரிவை நீக்குங்கள்: தேசிய ஊராட்சி மன்றத்துக்கு பினாங்கிலிருந்து ஒரு திறந்த மடல்

ஊராட்சிக்கான தேசிய மன்றத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களுக்கும், மாநிலப் பேராளர்களாக அதில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நகர, மாநகர மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தேர்தல் பற்றி யார் வாய் திறந்தாலும் "இது தக்க தருணம் அல்ல" என்று பதில் வருகிறது. தாத்தா காலத்தில் சொன்ன அதே பதிலைப் பேரப்பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். மறுபடியும் அதே பேச்சு எழுந்து அதே பதிலோடு அடங்கியதால் இந்த மடலை நேராக உங்களுக்கே எழுதுகிறோம். ஊராட்சிக்கான தேசியக் கொள்கையை வகுக்கும் பொறுப்பை மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 95ஏ விதி உங்கள் மன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. எங்கள் கோரிக்கை ஒன்றே. ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்த, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவை நீக்குங்கள். தேர்தல் நடத்த விரும்பும் மாநிலம் நடத்திக்கொள்ளட்டும்.

பின்னணி நீங்கள் அறியாததல்ல. 1951 முதல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மக்கள் தங்கள் நகரசபைக்கு வாக்களித்தார்கள். 1957இல் அது மாநகரமானபோது முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். ராமநாதன். இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. மோதல் 1966இல் முடிந்தது, நிறுத்திவைப்பு முடியவில்லை. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டும் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டத்தின் (சட்டம் 171) 15ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய எல்லாச் சட்ட விதிகளும் செல்லாது என்று முடித்துவிட்டது. தற்காலிக நிறுத்தம் இப்படித்தான் நிரந்தரமானது.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். ஒன்பதாம் அட்டவணையில் கூட்டரசின் அதிகாரம் ஒரு பட்டியல், மாநிலங்களின் அதிகாரம் இன்னொரு பட்டியல். மாநிலப் பட்டியலின் 4ஆம் இனத்தில் ஊராட்சி இருக்கிறது. அந்த இனத்துக்குள்ளேயே உள்ளூர் வரிகளும் ஊராட்சித் தேர்தலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, இது மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரம். நாடாளுமன்றம் உள்ளே வந்தது 76(4) விதியின் வழியாக. சட்டமும் கொள்கையும் நாடெங்கும் ஒரே சீராக இருப்பதற்காக ஊராட்சி பற்றி நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது அந்த விதி. சீர்மைக்காகக் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு தேர்தலையே துடைத்துவிட்டதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. எல்லா மாநிலத்திலும் ஒரே முறையில் தேர்தல் நடப்பதும் சீர்மைதானே?

பினாங்கு சும்மா இருந்துவிடவில்லை. 2012இல் எங்கள் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை இயற்றியது. விவகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 15ஆம் பிரிவு இருக்கும்வரை மாநிலச் சட்டம் நிற்காது என்று 2014இல் ஆகிவிட்டது. நீதிமன்றத்தின் மீது எங்களுக்குக் குறையில்லை. எழுதியிருக்கும் சட்டத்தைத்தான் நீதிபதிகள் வாசிக்க முடியும். அதனால்தான் சட்டத்தை மாற்றக்கூடியவர்களிடம் வந்து நிற்கிறோம்.

இதனால் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். வீட்டு வரி ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

வீட்டின் ஆண்டு மதிப்பில் இத்தனை விழுக்காடு என்றுதான் ஊராட்சி மன்றம் வரி போடுகிறது. ஆண்டு மதிப்பு என்பது, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்ற கணக்கு. மாதம் 800 ரிங்கிட் பெறும் தரைவீட்டுக்கு ஆண்டு மதிப்பு 9,600 ரிங்கிட். விகிதம் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 768 ரிங்கிட். மறுமதிப்பீடு வந்து வாடகை மதிப்பு 1,200 என்று ஏறினால் ஆண்டு மதிப்பு 14,400, வரி 1,152. விகிதத்தை யாரும் தொடவில்லை, ஆனால் 384 ரிங்கிட் கூடிவிட்டது. வீடு அதே வீடு, கூரை அதே கூரை, உள்ளே இருக்கும் ஓய்வூதியக்காரரின் வருமானமும் அதேதான். சட்டமோ ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை விதிக்க இடம் கொடுக்கிறது.

ஆட்சேபிக்க வழி உண்டு, அதே ஊராட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவு. ஆனால் மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில். "இவ்வளவு கட்ட எனக்கு வசதியில்லை" என்று எழுதுகிறார்கள். மனிதருக்கு அது நியாயமான காரணம், சட்டத்துக்கு அது காரணமே அல்ல. வீட்டின் மதிப்பு உண்மைக்கு மேல் போடப்பட்டிருக்கிறது என்று எழுதி, பக்கத்து வீடுகளின் வாடகை ஒப்பந்தமோ ரசீதோ இணைத்தால்தான் ஆட்சேபம் நிற்கும். இதை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது? வாக்குக் கேட்டு வந்த வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இப்போது மன்ற அலுவலக முகப்பில் ஒரு படிவம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, ஆட்சேபம் கொடுத்தாயிற்று. அதை விசாரிப்பது யார்? மதிப்பீட்டைப் போட்ட அதே ஊராட்சி மன்றம். அதன் முடிவு பிடிக்காவிட்டால் 145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 384 ரிங்கிட்டுக்காக உயர் நீதிமன்றம்! வழக்கறிஞர் கட்டணம் பல ஆண்டு வரியை விழுங்கிவிடும் என்று தெரிந்து யார் படியேறுவார்? கட்டாமல் விட்டால் நிலுவை நோட்டீஸ் வரும், அதற்கும் மசியாவிட்டால் 148ஆம் பிரிவின் கீழ் வீட்டின் அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்ய வாரண்ட் வரும். ஆக, உரிமை காகிதத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் வழி பணம் உள்ளவருக்குத்தான் திறந்திருக்கிறது. தேர்தல் இருந்த காலத்தில் இதற்கு மலிவான மேல்முறையீடு ஒன்று இருந்தது. வரியை ஏற்றியவருக்கு அடுத்த முறை வாக்களிக்காமல் விடலாம்.

இது ஏதோ ஒரு மன்றத்தின் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல கவுன்சிலர்கள் பலர் இருக்கிறார்கள். குறை அமைப்பில் இருக்கிறது. அரசியலமைப்பு, சட்டம் இயற்றுவோரையும் நிறைவேற்றுவோரையும் தீர்ப்புச் சொல்வோரையும் வேறு வேறாக நிறுத்தி, ஒருவர் கையை இன்னொருவர் பிடிக்கும்படி செய்திருக்கிறது. ஊராட்சியில் இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. ஊராட்சி மன்றமே துணைச்சட்டம் எழுதுகிறது. 119ஆம் பிரிவின்படி அந்தத் துணைச்சட்டத்தில் 2,000 ரிங்கிட் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் வைக்கலாம். மன்றத்தின் அமலாக்க அதிகாரிகளே அதை நடைமுறைப்படுத்துகிறார்கள். வரி ஆட்சேபம் என்றால் மன்றமே முதலில் தீர்ப்பும் சொல்கிறது. மேலே கடிவாளம் பிடிக்க வேண்டிய மாநில அரசாங்கம்தான் கவுன்சிலர்களை நியமிக்கிறது, துணைச்சட்டத்தை உறுதிசெய்கிறது, வரி விதிப்புக்கு ஒப்புதல் தருகிறது. நியமித்த கையே சரிபார்க்கும் கையும் ஆகிறது. இத்தனைக்கும் எதிரே மக்களிடம் இருந்த ஒரே தடுப்பு வாக்குச்சீட்டு. 15ஆம் பிரிவு எடுத்துச் சென்றது அதைத்தான்.

லைசென்ஸ் கதை இன்னும் மோசம். 107ஆம் பிரிவு, மன்றம் கொடுத்த உரிமத்தைக் காரணம் எதுவும் சொல்லாமல் எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம் என்கிறது. இழப்பீடும் கிடையாது. லிட்டில் இந்தியாவில் பூ கட்டி விற்பவருக்கும், சந்தையில் அப்பம் சுடும் அம்மாவுக்கும், பட்டர்வொர்த்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் தலைக்கு மேல் தொங்குவது இந்த ஒரு வரி. பிழைப்பையே எடுத்துவிடும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் யாரிடமும் வாக்குக் கேட்டு நிற்கவேண்டியதில்லை.

கோலாலம்பூர் நண்பர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மாநிலச் சட்டமன்றமே இல்லை. 11 நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நகரை ஆள்வதோ நியமிக்கப்பட்ட டத்தோ பண்டார், அதாவது மேயர். அதற்குச் சட்டம் வேறு, வழியும் வேறு. அவர்களுக்காகவும் இங்கே ஒரு வார்த்தை கேட்டு வைக்கிறோம்.

இனப் பிளவு வரும் என்பதுதான் அடிக்கடி சொல்லப்படும் காரணம். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் துன் மகாதீரும் இதையே சொன்னார். இதே நகரங்களில், இதே மக்கள், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களித்துவிட்டு வரிசையாக வீடு திரும்புகிறார்கள். சாக்கடைக்கும் குப்பைக்கும் சாலை விளக்குக்கும் வாக்களித்தால் மட்டும் சண்டை மூளும் என்று எங்களைப் பற்றி நினைப்பது எங்களைப் புண்படுத்துகிறது. அச்சம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தொகுதிகளை எப்படி வகுப்பது, ஒரு பகுதி உறுப்பினர்களை நியமிப்பதா என்பதையெல்லாம் மாநிலச் சட்டத்தில் பேசித் தீர்க்கலாம். பேசவே விடாமல் கதவைச் சாத்தியிருப்பது 15ஆம் பிரிவு.

மாண்புமிகு தலைவர் அவர்களே, உங்கள் மன்றத்தின் பலம் உங்களுக்கே தெரியும். நீங்கள் வகுக்கும் கொள்கையைத் தீபகற்ப மாநிலங்கள் பின்பற்றியே ஆகவேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் அந்தக் கட்டாயம் இல்லை, அதற்கு ஈடாக வாக்கும் இல்லை. மிஞ்சுவது 11 மாநிலங்களின் 11 வாக்கு. கூட்டரசு தரப்பில் 10 பேர் வரை, தலைமை ஏற்கும் அமைச்சர் ஒருவர், ஆக 11. சரிசமமானால் தலைவரின் தீர்மான வாக்கு. பதினொரு மாநிலமும் ஒன்றாக நின்றாலும் கூட்டரசு மறுத்தால் நடக்காது. ஆகவே மாநிலங்களைக் கேளுங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது மலைப்பான வேலை அல்ல. சட்டம் 171 சாதாரணச் சட்டம். அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவையில்லை. மக்களவையிலும் மேலவையிலும் எளிய பெரும்பான்மை போதும். ஒரே ஓர் எச்சரிக்கை. 15ஆம் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு 10ஆம் பிரிவை அப்படியே விட்டால் பலனில்லை. கவுன்சிலர்கள் நியமிக்கப்படுவர் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மாநிலச் சட்டம் அதோடு முரண்படும், அரசியலமைப்பின் 75ஆம் விதிப்படி கூட்டரசுச் சட்டமே வெல்லும், மறுபடியும் நீதிமன்றப் படிதான். ஆகவே "மாநிலச் சட்டம் தேர்தலுக்கு வகை செய்தால் அதன்படி" என்ற வாசகத்தை 10ஆம் பிரிவிலும் சேர்க்க வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்பைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க 113(4) விதியே இடம் தருகிறது. அதற்குக் கூட்டரசுச் சட்டமோ மாநிலச் சட்டமோ இருந்தால் போதும்.

ஊராட்சி தொடர்பான சட்டத்தைக் கொண்டுவரும் முன் உங்கள் மன்றத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் 95ஏ விதியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது நீங்கள் கூடியே ஆகவேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் 10ஆம் பிரிவின் திருத்தத்தையும் 15ஆம் பிரிவின் நீக்கத்தையும் வைத்து, எந்த மாநிலம் எப்படி வாக்களித்தது என்பதையும் வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். "தக்க தருணம் அல்ல" என்பதைக் காரணமாக ஏற்பதற்கில்லை.

இப்படிக்கு,
பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீட்டு வரி செலுத்தும் குடிமக்கள்