காலை அளந்து அனுப்பியிருக்கிறேன்

முள்ளியவளை,
மாசி மாதம்.

அன்பின் மச்சானுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம்தானே? வட்ஸ்அப்பில் குரல் அனுப்பு, குரல் அனுப்பு என்று எத்தனை தரம் சொல்லிவிட்டாய். ஃபோனை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு தனியாகக் கதைத்தால் வேலிக்கு அங்கால் இருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதனால்தான் கடிதம். உன் அக்கா மகன் வருகிற கிழமை கனடா திரும்புகிறான். அவன் கையில் இதையும் ஒரு சின்னப் பார்சலையும் கொடுத்துவிடுகிறேன்.

இந்த முறை மாரி எங்களை ஏமாற்றவில்லை. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தது. நாங்கள் பள்ளிக்கு ஒளித்துத் தூண்டில் போட்ட துருசடியில் (குளத்து மதகடியில்) இப்போதும் நாலு பெடியள் நிற்கிறார்கள். அவர்களுடைய தங்கூசி நூல் எங்கள் காலத்ததைவிடத் திறம், பிடிபடுவது அதே யப்பான் மீன்தான் (திலாப்பியா).

சரி, விசயத்துக்கு வருகிறேன். காலில் என்ன காயம், எதற்கு இந்த வயதில் வேடர்ஸ் (தண்ணிக்குள் இறங்கி நிற்கப் போடுகிற நனையாத களிசான்) கேட்கிறாய் என்று எழுதியிருந்தாய். கார்த்திகையில் ஒரு இருட்டு இரவு, நந்திக்கடல் களப்பில் இறாலுக்கு வீச்சுவலையோடு இறங்கினேன். வழக்கம்போலச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு. இறால் நல்லாய்ப் பட்டது. வீட்டுக்கு வந்து முற்றத்தில் சாரத்தைப் பிழியும்போது மனிசிதான் சீமெந்தில் இரத்தத்தைக் கண்டாள். இடது உள்ளங்காலில் இரண்டு அங்குல வெட்டு. எனக்கு நோவே இல்லை. சலரோகம் (நீரிழிவு) வந்து பன்னிரண்டு வருடம், பாதம் பாதி செத்துப்போய்க் கிடக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. வெட்டியது ஊரிச் சிப்பியோ, தகரமோ, முள்ளுக்கம்பியோ தெரியாது. 2009இல், யுத்தத்தின் கடைசி நாட்களில், அந்தத் தண்ணிக்குள் என்னென்ன விழுந்தன என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. அதெல்லாம் இன்னும் சுரிச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது.

ஆறு கிழமை கட்டுப் போட்டு மாற்றினார்கள். கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, என் மகளின் வயதுதான் இருக்கும், “ஐயா, இனி வெறுங்காலோடு இறங்கினால் அடுத்த முறை விரலை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்கள்” என்றாள். காயத்துக்குள் எலிக்காய்ச்சலும் ஏறும் என்றாள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் பரவியது உனக்கும் தெரியும். வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு அந்தக் காய்ச்சல் வராமல் இருக்கப் பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) தருகிற டொக்சிசைக்கிளின் குளிசையை நானும் கிழமைக்கு ஒரு தரம் போட்டேன்.

கடலுக்குப் போகாதே என்று மட்டும் அந்தப் பிள்ளை சொல்லவில்லை. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

மருமகன் கொழும்பில் இருந்து ஒன்று வாங்கி வந்தான். நெஞ்சு வரைக்கும் வரும் பி.வி.சி. உடுப்பு, பூட்ஸும் அதோடேயே ஒட்டியது. எங்கள் பெடியள் அதற்கு ‘றபர் களிசான்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் போட்டுக்கொண்டு வற்றாப்பளைக் கரையில் இறங்கினேன். பத்து நிமிடத்தில் உள்ளே வேர்வை வழிகிறது. அரை மணித்தியாலத்தில் தண்ணி ஒழுகுகிறது என்று நினைத்துக் கரைக்கு ஓடிவந்து கழற்றிக் கவிழ்த்தேன். அரைப் பேணி வந்தது. வாயில் வைத்துப் பார்த்தால் நந்திக்கடல் உப்பில்லை, என் உப்பு! அடுத்த நாள் சுரிக்குள் கால் புதைந்தது. காலை இழுத்தேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. பூட்ஸுக்குள் கால் அங்குமிங்கும் ஆடும் அளவு இடம் இருந்தால் இதுதான் நடக்கும். அப்படியே மல்லாக்க விழுந்தேன். மூன்றாம் கிழமை கவட்டுத் தையல் பிரிந்தது. சைக்கிள் ரியூப்புக்குப் போடுகிற சொலூசனும் றபர்த் துண்டும் வைத்து ஒட்டினேன். அது பி.வி.சி.யில் இரண்டு நாள்தான் நின்றது.

அந்த அவமானத்தில்தான் உனக்கு எழுதினேன். நீயும் உடனே, கனரஸ்கா ஆற்றில் சமன் (சால்மன்) மீனுக்கு நீ போட்டுக்கொண்டு நிற்கிற நியோப்பிறீன் றபர் வேடர்ஸையே, ஐந்து மில்லிமீற்றர் தடிப்பானதை, அனுப்பவா என்று கேட்கிறாய். புரட்டாசிக் குளிர்த் தண்ணியில் உனக்கு அது போர்வை. இங்கே அதைப் போட்டால் என்னை அவித்த கிழங்குபோல உரித்து எடுக்க வேண்டும். பாரமும் மூன்று கிலோவுக்கு மேல் வருமே.

இல்லாவிட்டால் ‘மூச்சு விடும்’ துணியில் விலை கூடியது வாங்கவா என்றும் கேட்டிருந்தாய். எனக்கும் ஆசைதான். மகளிடம் காட்டினேன். அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், கரும்பலகை இல்லாமலே பாடம் எடுத்தாள். அந்தத் துணிக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். தண்ணீர்த் துளி அதற்குள்ளால் வராது, ஆவி போகும். ஆனால் ஆவி தானாகப் போகாது. உள்ளே சூடும் ஈரமும் கூட, வெளியே குறைய இருந்தால்தான் தள்ளிக்கொண்டு போகும். “வாடைக்காலத்தில் கொடியில் போட்ட சாரம் இரண்டு நாளானாலும் காயாதே அப்பா, அதே கதைதான்” என்றாள். உன் ஆற்றில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே காற்றே ஈரம், தண்ணியும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கொடுத்த காசில் பாதிதான் வேலை செய்யும். ஒன்று மட்டும் உண்மை, அது பாரம் இல்லை, ஒரு கிலோ அளவில்தான் வருகிறது. ஆனாலும் சேற்றையும் உப்பையும் கழுவாமல் விட்டால் சவ்வு கெட்டுப்போகும். என் சோம்பல் உனக்குத் தெரியும்.

ஆகவே எனக்கு இப்படி ஒன்று பார். இடுப்பு வரைக்கும் வருவது போதும். இடுப்பளவுக்கு மேல் தண்ணிக்குள் நான் போவதில்லை, மேலே திறந்திருந்தால் பாதி வெக்கை குறையும். மெல்லிய நைலோன், உள்பக்கம் பூச்சுப் பூசியது. பெட்டியில் டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த நூலை 9000 மீற்றர் நீளத்துக்கு எடுத்து நிறுத்தால் எத்தனை கிராமோ அதுதான் அந்த எண். கூடக் கூட நூல் மொத்தம், துணி பாரம். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதே. மேல் துணி மெல்லிசாகவே இருக்கட்டும், முழங்காலிலும் பின்பக்கத்திலும் மட்டும் இரண்டாம் துணி வைத்துத் தைத்திருக்கிறதா பார். நான் வள்ளத்து விளிம்பில் குந்தியிருந்துதான் வலை ஆய்கிறேன், தேய்வது அங்கேதான். பிறகு உள்பக்கத்தைப் புரட்டிக் கவட்டுத் தையலைப் பார். இரண்டு காலும் சந்திக்கிற அந்த மூலையில்தான் முதலில் ஒழுகும், என்னுடையது பிரிந்ததும் அங்கேதான். தையல்மேல் நாடா ஒட்டியிருக்க வேண்டும், நகத்தால் கிளப்பினால் கிளம்பக் கூடாது.

பூட்ஸ் ஒட்டியது வேண்டவே வேண்டாம். காலுறைபோல முடிகிறது இருக்கிறதே, அது. அதற்கு மேலே கணுக்கால் வரை நாடா கட்டுகிற சப்பாத்து ஒன்றை இறுக்கிக் கட்டினால் சுரி எவ்வளவு உறிஞ்சினாலும் காலோடுதான் வரும். உன் சப்பாத்துக்கு அடியில் கம்பளி ஒட்டியிருக்கிறது, பாசிக் கல்லில் வழுக்காது என்றாயே, அது இங்கே வேண்டாம். எங்களுக்கு எங்கே கல்? சேறுதான் அப்பிக்கொள்ளும். அந்தக் கம்பளி ஈரத்தோடு பாசியையும் ஒரு ஆற்றில் இருந்து இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோகிறது என்று நியூசிலாந்தில் 2008இலேயே தடை செய்துவிட்டார்களாம், மகள்தான் தேடி வாசித்தாள். எங்கள் குளங்களில் சல்வீனியாக் களை படர்ந்து கிடக்கிறதைப் பார்த்தால் அது நியாயம் என்றுதான் படுகிறது.

சப்பாத்துக்குள் வைக்க ஆணி ஏறாத உள்ளடித் தகடு ஒரு சோடி கட்டாயம் வாங்கு. கட்டட வேலைக்காரர் போடுவார்களே, அது. இரும்பில் வேண்டாம், உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்கும். நெய்த நாரில் செய்ததும் இருக்கிறது. மற்றதெல்லாம் மலிவாக இருந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் நல்லதாக வேண்டும்.

பழையது யாரும் விற்றால் அதுவும் சரி. இருட்டறைக்குள் வைத்து உள்ளே ரோச் லைற்றை விட்டுப் பார், ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். ஒட்டுகிற யூறித்தேன் பசை ஒரு ரியூப்பும் சேர்த்து வை. இங்கே எந்தக் கடையிலும் நான் காணவில்லை.

இடுப்புப் பட்டியை மறந்துவிடாதே. வேடர்ஸுக்குள் தண்ணி நிரம்பினால் கல்லுப்போல அடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மனிசி பயப்படுகிறாள். தண்ணிக்குள் தண்ணிக்கு ஏது பாரம்? ஆளை இழுக்காது. ஆனால் நிரம்பினபிறகு நடக்கவும் ஏலாது, கரையில் ஏறவும் ஏலாது, அங்கேதான் ஆபத்து. பட்டியை இறுக்கிக் கட்டினால் விழுந்தாலும் உள்ளே கொஞ்சம்தான் போகும். இதை அவளுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்திவிட்டேன். நம்பவில்லை. நீ ஃபோனில் சொன்னால் நம்புவாள், கனடாவில் இருந்து வருகிற சொல்லுக்கு இங்கே மதிப்புக் கூட.

வந்த பிறகு கழற்றினதும் நல்ல தண்ணியில் அலசி, வெயில் படாமல் தலைகீழாகத் தொங்கவிடுவேன். போடுமுன் சப்பாத்தைத் தட்டிப் பார்ப்பேன். தேளுக்காகவும்தான், ஒரு மணல் துகள் கிடந்தாலும் என் காலுக்குத் தெரியாது என்பதற்காகவும்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணிக்குள் நிற்பதில்லை என்று டொக்டர் பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஊறி வெளிறின தோலும் வெட்டுப் பட்டதுபோலத்தான் என்றாள்.

அளவுகள்: வயிறு 38 அங்குலம் (சிரிக்காதே), கவட்டில் இருந்து குதிக்கால் வரை 29. குந்தியெழும்ப இடம் விட்டு எடு, இறுக்கமாக இருந்தால் தையலில்தான் விசை போகும். கூடத் தொளதொளவென்றும் வேண்டாம், தொடைக்குத் தொடை உரசித் தேயும். காலின் அளவை மகளின் கொப்பித் தாளில் கீறி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். இடது கால் காயப்பட்டது. அதனால் வலது காலையே நம்பு.

பார்சலில் இருப்பது நந்திக்கடல் இறால், மனிசி காயவைத்தது, அரைக் கிலோ. கூழுக்குப் போடு. வைகாசிப் பொங்கலுக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். வற்றாப்பளை அம்மன் கோயிலில் சனம் நெரியும், முன்கூட்டியே சொல்லு, வீட்டில் அறை ஒதுக்கி வைக்கிறேன். அப்படி வருவதானால் களிசானை அனுப்பாதே, கையோடு கொண்டுவா. தபாற்செலவு மிச்சம்.

அன்புடன்,
உன் துருசடிக் கூட்டாளி.