எலாஸ்டிக் கயிற்றை மாற்ற வழியில்லாத டென்ட் கம்புகள்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டென்ட் கம்புகளின் எலாஸ்டிக் கயிற்றை மாற்றுவதும், பிளந்துபோன கம்புத் துண்டும் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் இருவர் டென்ட்டைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். துணியில் இதுவரை ஒரு தையல்கூட விட்டதில்லை. மழையில் தரைப்பகுதி கசிந்ததும் இல்லை. குறை கம்புகளில்தான், அதிலும் அலுமினியக் குழாய்த் துண்டுகளை ஒரே கம்பாகக் கோத்து அவற்றுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிற்றில். அது தளர்ந்துவிட்டது. தளர்ந்ததற்காக நான் புகார் எழுதவில்லை, ரப்பர் என்றால் ஒருநாள் தளரத்தான் செய்யும். கயிற்றை மாற்றவே முடியாதபடி கம்பின் இரண்டு முனைகளையும் அடைத்து வைத்திருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைசியாக டென்ட் போட்டபோது கம்பைத் துணி உறைக்குள் தள்ளினேன். உங்கள் கையேட்டில் உள்ளபடி தள்ளத்தான் செய்தேன், இழுக்கவில்லை. கயிறு நல்ல நிலையில் இருந்திருந்தால் துண்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு முழுக் கம்பாகவே நகர்ந்திருக்கும். இந்த முறை உறைக்குள்ளேயே ஒரு இணைப்பு பாதி விலகிவிட்டது. மேலே துணி மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பை வளைத்து முனையை ஓட்டைக்குள் பொருத்திய உடனே 'டக்'கென்று சத்தம் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் குழாயின் வாய் நீளவாக்கில் பிளந்திருந்தது, பிளந்த விளிம்பு துணி உறையையும் கீறியிருந்தது.

ஒரு துண்டின் செருகு முனை, அதாவது அடுத்த குழாய்க்குள் நுழையும் மெல்லிய பகுதி, முழு ஆழத்துக்கு உள்ளே போயிருந்தால் வளைவின் பாரம் அதன் நீளம் முழுவதும் பரவும். பாதி மட்டும் உள்ளே இருந்தால் அத்தனை பாரமும் குழாயின் மெல்லிய வாயில் வந்து நிற்கும். அது பிளக்காமல் என்ன செய்யும்? கம்பை மடிக்கவும் விரிக்கவும் வசதியாக இருக்கட்டும் என்று மட்டும் அந்தக் கயிறு உள்ளே போடப்படவில்லை, இணைப்புகளை விலகாமல் பிடித்து வைப்பதும் அதன் வேலை. கயிறு தளர்ந்தால் கம்பின் ஆயுளும் குறைகிறது.

டென்ட்டுடன் நீங்கள் கொடுத்திருந்த சின்னப் பழுதுபார்ப்புக் குழாயைப் பிளந்த இடத்தின் மேல் நகர்த்தி, டேப் சுற்றி, அந்த இரவைச் சமாளித்தேன். அதைப் பையில் வைத்துக் கொடுத்ததற்கு நன்றி. கம்பு பிளக்கக்கூடும் என்று அவ்வளவு முன்யோசனையோடு இருந்தவர்கள், கயிறு தளரும் என்பதை மட்டும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். எலாஸ்டிக் கயிறு தேய்மானத்துக்கு உட்பட்ட பாகம், அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் புதுக் கயிறு கொடுங்கள், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். கயிறு தனியாக விற்பதில்லை, முனை மூடிகளைக் கழற்றினால் கம்புக்கான உத்தரவாதமும் போய்விடும், முழுக் கம்புத் தொகுப்பையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த இரண்டு பதில்களும் எப்படி ஒன்றாக நிற்கும்? தேயும் பாகம் என்று நீங்களே சொல்கிறீர்கள். தேய்ந்தால் மாற்றக் கூடாது என்பதும் நீங்கள்தான். ஒரு சில மீட்டர் கயிற்றுக்காக நல்ல நிலையில் இருக்கும் அலுமினியக் குழாய்கள் அத்தனையையும் தூக்கிப்போடச் சொல்வது நியாயமே இல்லை.

கயிற்றை மாற்றுவது பெரிய வித்தையும் அல்ல. முனை மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் முடிச்சை அவிழ்த்து, பழைய கயிற்றை உருவ வேண்டும். துண்டுகளை அதே வரிசையில் தரையில் அடுக்கி, புதுக் கயிற்றைக் கோத்து, இழுத்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. கையில் ஒரு குறடும் கொஞ்சம் மெல்லிய கம்பியும் போதும். உங்கள் கம்புகளிலோ முனை மூடியைப் பசை போட்டு ஒட்டியது போதாதென்று குழாயையும் நசுக்கி இறுக்கியிருக்கிறீர்கள். சூடு காட்டிப் பசையை இளக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். டென்ட் கம்புக்குப் பயன்படுவது வெப்பப் பதப்படுத்தலால் வலு ஏற்றப்பட்ட அலுமினியக் கலவை. அதிகமாகச் சூடு பட்டால் அந்த வலு போய்விடும். நான் அதைச் செய்யத் தயாராக இல்லை.

பழைய கயிற்றை நடுவில் வெட்டி, அதோடு புதுக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் பேசியவர் ஆலோசனை சொன்னார். அவர் பணிவாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் செருகு முனையின் துளை குழாயின் துளையைவிடக் குறுகலானது. முடிச்சு அதற்குள் நுழையாது, நுழைந்தாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம், முனையில் மிஞ்சியிருக்கும் துண்டும் அதே தளர்ந்த ரப்பர்தானே?

நீளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய கயிற்றை அளந்து அதே நீளத்துக்குப் புதிதாக வெட்டினால் தப்பாகிவிடும், ஏனென்றால் பழையது நிரந்தரமாக நீண்டுபோயிருக்கிறது. புதுக் கயிறு கம்பின் முழு நீளத்தைவிடக் குறைவாக இருந்து, இழுத்துக் கட்டினால்தான் இழுவிசை கிடைக்கும். ரொம்பவும் குட்டையாகப் போனால் துண்டுகளை மடிக்கும் அளவுக்கு விலக்க முடியாது. கம்பை மடித்துப் பையில் வைத்திருக்கும்போதுதான் கயிறு அதிகம் இழுபட்டிருக்கிறது. இணைப்பு பிரிந்ததும் செருகு முனைகளின் நீளமும் மடிப்புகளின் வளைவும் சேர்ந்துகொள்ள, கயிறு போக வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. அதாவது டென்ட் அலமாரியில் சும்மா இருக்கும் காலத்திலும் உள்ளே ரப்பர் களைத்துக்கொண்டேதான் இருக்கிறது. எனவே சரியான நீளம் என்ன, தடிமன் என்ன என்பது தயாரித்த உங்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அந்த இரண்டு எண்களையும் கேட்டபோது, அவை நிறுவனத்தின் உள்விவரம் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு கயிற்றின் நீளத்தில் என்ன ரகசியம் இருக்கிறது?

எனக்கு வேண்டியது இதுதான். பிளந்துபோன அந்த ஒரு துண்டை மட்டும் தனியாகக் கொடுங்கள், அதற்கு உரிய விலையைத் தருகிறேன். கயிற்றை நீங்களே மாற்றித் தருவதானால் கம்புகளை அனுப்பி வைக்கிறேன். முடியாது என்றால், பொருத்தமான கயிறு, கழற்றி மாட்டக்கூடிய புது முனைகள், ஒவ்வொரு கம்புக்கும் உரிய நீளம் ஆகியவற்றைக் கொடுத்து, நான் முனையைத் திறந்தாலும் குழாய்களுக்கான உத்தரவாதம் தொடரும் என்று எழுத்தில் உறுதி தாருங்கள். துணி உறையின் கீறலை நானே தைத்துக்கொள்கிறேன், அதற்காக எதுவும் கேட்கவில்லை.

இனி தயாரிக்கும் டென்ட்களிலாவது முனைகளை ஒட்டாமல் விடுங்கள். ஒரு சின்ன வாஷரும் ஒரு முடிச்சும் கயிற்றைப் பிடித்து வைக்கப் போதும். கயிற்றின் தடிமன், நீளம், துண்டுகளின் வரிசை ஆகியவற்றைக் கையேட்டில் அரைப் பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். கம்பை மடிக்கும்போது நடு இணைப்பிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால் இழுவிசை சமமாகப் பரவும் என்ற குறிப்பையும் சேர்த்தால் கயிறு இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். இப்போதைய கையேட்டில் கம்புகளின் பராமரிப்பைப் பற்றி 'உலர்த்தி வையுங்கள்' என்பதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை.

பிளந்த துண்டு, நசுக்கப்பட்ட முனை, தளர்ந்து தொங்கும் கயிறு ஆகியவற்றின் படங்களையும், உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய இரண்டு பதில்களின் நகலையும், வாங்கிய ரசீதையும் இணைத்திருக்கிறேன். புதுக் கம்புத் தொகுப்புக்காக நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை நான் ஏற்கவில்லை, அதை ரத்து செய்துவிடுங்கள். உங்கள் பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்